நாய்க்குப் படித்துக் காட்டும் பிள்ளைகள்

தமிழ் நூல்களிலே நாய் பெற்றிருக்கும் இடம் ஒருதன்மைத்தன்று. தம்மை மிகத் தாழ்த்திக் கூற விரும்பிய மாணிக்கவாசகர் தம்மை 'நாயேன்' என்றே பலகாலும் குறிக்கின்றார். உலக வழக்கிலும் அச்சொல் வசைமொழியாகவே நின்றுவிட்டது. நாலடியாரோ, யானையை ஒத்தவரின் நட்பை விடுத்து நாயை ஒத்தவரின் நட்பைத் தழுவுக என்கின்றது. யானை தன்னை நெடுநாள் அறிந்த பாகனையே கொல்லும். நாயோ தன்மேல் எறிந்த வேல் உடலில் நிற்கவும் வாலைக் குழைக்கும் என்பது அந்நூல் காட்டும் காரணம். நமது வேதாகமத்திலும் இவ்விரு நிலைக்கும் இடமுண்டு. ஐசுவரியவானுடைய வாசலிற் கிடந்த லாசருவின் பருக்களை நாய்கள் வந்து நக்கின என்று லூக்கா எழுதியதை, அவனது இழிநிலையின் மிகுதியைக் காட்டுவதென்று கொள்வாரும் உளர். மனிதர் காட்டாத இரக்கத்தை விலங்கு காட்டிற்றென்று கொள்வாரும் உளர்.

இவற்றுள் எது தக்கதென்று ஆராய்வது ஈண்டு நோக்கமன்று. தன்முன் இருப்பவர் கற்றவரா கல்லாதவரா என்று பாராமல் அவரருகே அமைதியாகக் கிடக்கும் இயல்பு நாய்க்கு உண்டு. இவ்வியல்பு சென்ற அறுபது ஆண்டுகட்கு மேலாகப் பிள்ளைகளின் மனநலத்துக்கும், பின்னர் அவர்தம் கல்விக்கும் பயன்படுத்தப்பட்டு வருகின்றது. அப்பயன் எத்தகையது, எவ்வளவினது என்பவற்றைக் கூறுதலே இவ்வியாசத்தின் கருத்து. நம்மிற் பலர் பட்டம் பெற்றபின் ஆசிரியத் தொழிலை மேற்கொள்வோர் ஆதலின், இது வெறும் வேடிக்கைச் செய்தியாக முடியாதென்று நம்புகின்றேன்.

முதற்கண், சிகிச்சை நாய் என்பது யாது என்று தெளிதல் வேண்டும். ஆங்கிலத்தில் 'தெரபி டாக்' என வழங்கும் இதனைக் கண்ணிழந்தோர்க்கு வழிகாட்டும் நாயோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. வழிகாட்டும் நாய் ஒருவருக்கே உரியது. வீதியைக் கடத்தல், படிக்கட்டின் முன் நின்று உணர்த்துதல் முதலிய தொழில்களில் நெடும்பயிற்சி பெற்றது. அது பணியிலிருக்கும்போது பிறர் தடவுதலும் ஆகாது. சிகிச்சை நாயோ ஒரு வீட்டிற் செல்லமாக வளரும் நாயே. தன்னை வளர்ப்பவரோடு மருத்துவசாலைக்கோ, முதியோர் இல்லத்துக்கோ, பள்ளிக்கோ குறித்த நாளிற் சென்று, அங்குள்ளோர் தன்னைத் தொடவும் தடவவும் இடங்கொடுத்து வீடு திரும்புவது. அதற்குக் கீழ்ப்படிதல் கற்பித்திருக்க வேண்டுமாயினும், அதனினும் முக்கியமானது அதன் பிறவிக்குணம். அயலாரைக் கண்டு அஞ்சாமையும், அவர்மேற் பாயாமையும், திடீரென்று ஓர் ஊன்றுகோல் ஓசையுடன் விழுந்தாலும் நிலைகுலையாமையும் அதற்கு வேண்டும்.

விலங்கின் அருகிருப்பு வாடிய மனத்துக்கு இதந்தரும் என்னும் எண்ணம் மிகப் பழையது. இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் குவேக்கர் சபையைச் சார்ந்த வில்லியம் தியூக் என்பாரின் முயற்சியால் 1796இல் ஒரு மனநோயாளர் இல்லம் திறக்கப்பட்டது. சங்கிலியும் அடியுமே மருந்தாயிருந்த அக்காலத்தில், அவ்வில்லத்து முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்பறவைகளும் விடப்பட்டிருந்தன. எளிய உயிர்களோடு பழகுங்கால் நோயாளரிடத்து அன்பும் இரக்கமும் தளிர்க்கும் என்பது அவ்வில்லத்தாரின் கொள்கை. நெடுநாட் பிணியாளர்க்குச் சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணையென்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் செவிலித் தொழிலைப் பற்றிய தமது நூலில் எழுதினார்.

ஆயினும், பிள்ளைகளின் மனச்சிகிச்சையில் நாய்க்கு ஓர் இடமுண்டு என்பதை அறிஞர் சபையில் எடுத்துரைத்தவர் நியூயார்க் நகரத்து மனநூல் வல்லுநராகிய போரிஸ் லெவின்சன் என்பவரே. அவர் வளர்த்த நாயின் பெயர் ஜிங்கிள்ஸ். ஒருநாள் அவர் தம் அறையில் எழுதிக்கொண்டிருக்க, ஜிங்கிள்ஸ் அவர் காலடியிற் படுத்திருந்தது. அப்போது, குறித்த நேரத்துக்கு மிக முந்தியே ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அச்சிறுவன் பிறரோடு கலவாது தன்னுள்ளே ஒடுங்கிவிட்டவன். நெடுநாட் சிகிச்சையும் அவனிடத்துப் பலிக்கவில்லை. வந்தவரை எதிர்கொள்ள விரைந்த லெவின்சன் நாய் இருப்பதை மறந்துவிட்டார். அது ஓடிச்சென்று சிறுவனை நக்கிற்று. அவனோ அஞ்சவில்லை; அதனை அணைத்துக்கொண்டு தடவத் தொடங்கினான். பதறிய தாய் இருவரையும் பிரிக்க முற்பட, வேண்டாமென்று லெவின்சன் சைகை காட்டினார். புறப்படும்போது சிறுவன், மறுபடியும் வந்து நாயோடு விளையாட விருப்பமென்றான்.

அதன்பின் பலமுறை அவன் வந்தான். தொடக்கத்தில் அவன் பேச்சும் விளையாட்டும் நாயுடனேயே. அறையில் மருத்துவர் ஒருவர் இருப்பதையே அவன் பொருட்படுத்தவில்லை. நாளடைவில் நாயினிடத்து வைத்த அன்பிற் சிறிது மருத்துவருக்கும் கிடைத்தது. அவர் சிகிச்சை அங்கேதான் தொடங்கிற்று. இவ்வனுபவத்தை லெவின்சன் 1961இல் அமெரிக்க மனநூற் சங்கத்தின் கூட்டத்தில் விரித்துரைத்தபோது கேட்டோரிற் சிலர் நகைத்தனர். மருத்துவர் பெறும் கட்டணத்தில் நாய்க்கும் பங்குண்டோ என்று கேட்டவரும் உளராம். எனினும் அவர் சோர்ந்தாரல்லர். நாயைத் துணை மருத்துவராகக் கூறும் அவரது கட்டுரை 1962இல் வெளிவந்தது. 1969இல் இப்பொருள் பற்றித் தனிநூலே எழுதினார். வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டு தமது முதுமைக் காலத்தில் யோஃபி என்னும் நாயைத் தம் சிகிச்சை அறையில் உடன் வைத்திருந்தார் என்னும் செய்தியும் பரவவே, நகைத்தவர் வாய் ஒருவாறு அடங்கிற்று. பெரியார் ஒருவர் செய்தது என்றவுடன் நகைப்பு மரியாதையாக மாறுவது எல்லா நாட்டிலும் உள்ளதே போலும்!

நிற்க. லெவின்சன் கண்டவன் நோயுற்ற சிறுவன். நோயென்று ஒன்றுமின்றியே பள்ளியில் நாள்தோறும் வாடும் பிள்ளைகளும் இருக்கின்றனர். அவருள் ஒருவகையார் படிக்கத் தடுமாறுவோர். வகுப்பில் எழுந்துநின்று உரக்கப் படிக்குமாறு ஏவப்பட்ட பிள்ளை ஒரு சொல்லிலே தடைபடுகின்றது. ஆசிரியர் திருத்துகின்றார். பின்பலகையிலிருந்து ஒரு சிரிப்பொலி எழுகின்றது. அடுத்த வரியைப் படிக்கும்போது அப்பிள்ளையின் கண் புத்தகத்தில் இருந்தாலும் செவி பின்பலகையிலேயே இருக்கின்றது. ஆகவே முன்னிலும் எளிய சொல்லில் மறுபடி தடைபடுகின்றது. இவ்வாறு சில நாள் கழிந்தால், தலைவலி என்றும் தொண்டைக்கட்டு என்றும் சொல்லிப் படிப்பதையே தவிர்க்கக் கற்றுக்கொள்கின்றது. படியாமையால் தேர்ச்சி இல்லை; தேர்ச்சி இன்மையாற் படிக்க மனமில்லை. அறிவிற் குறைவில்லாத எத்தனையோ பிள்ளைகள் இச்சுழலில் அகப்பட்டு மந்தர் என்னும் பெயரைச் சுமக்கின்றனர். திருத்துவதற்கு ஆள் இல்லாமையன்று அவர்தம் குறை. திருத்துவோரும் நகைப்போரும் இல்லாத ஓர் இடத்திலே, பிறர் கேட்க நெடுநேரம் படிக்கும் வாய்ப்பே அவர்க்குக் கிட்டுவதில்லை.

இக்குறையைக் கண்டு 1999இல் ஒரு முயற்சி தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் யூட்டா மாகாணத்துச் சால்ட் லேக் நகரத்தில், 'இன்டர்மவுண்டன் தெரபி அனிமல்ஸ்' என்னும் சங்கத்தார் தம் நாய்களோடு மருத்துவசாலைகளுக்குச் சென்று பணியாற்றி வந்தனர். அச்சங்கத்தைச் சார்ந்தவரும் செவிலித் தொழில் புரிந்தவருமான சாண்டி மார்ட்டின் என்னும் அம்மையார்க்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. நோயாளியின் படுக்கையருகே அச்சத்தைத் தணிக்கும் நாய், புத்தகத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளையின் அருகேயும் அதனைச் செய்யாதோ என்பதே அது. அந்நகரத்துப் பொது நூல்நிலையத்திலே, ஒலிவியா என்னும் தமது நாயும் பிற நாய்களும் இருக்க, பிள்ளைகளை வருவித்து நாய்களுக்குக் கதை படித்துக் காட்டச் செய்தார். மறு ஆண்டில் அம்முயற்சி ஒரு தொடக்கப் பள்ளிக்குள்ளும் புகுந்தது. திட்டத்தின் நீண்ட பெயரிலுள்ள முதலெழுத்துக்களைக் கூட்டினால், ஆங்கிலத்தில் 'படி' என்று பொருள்படும் 'ரீட்' என்னும் சொல் வருமாறு பெயரிட்டனர். பின்னர் அத்திட்டம் பல நாடுகளிற் பரவியது. பிரிட்டனிலும் 1983இல் தோன்றிய 'பெட்ஸ் ஆஸ் தெரபி' என்னும் சங்கம் இத்தகைய வாசிப்புப் பணியைப் பள்ளிகளில் மேற்கொண்டது.

அதன் நடைமுறை மிக எளிது. நூல்நிலையத்தின் ஒரு மூலையில் விரிப்பும் திண்டுகளும் இடப்படும். நாய் படுத்திருக்கும்; பக்கத்திற் பிள்ளை அமரும்; அதனை வளர்ப்பவரும் அருகே இருப்பார். பிள்ளை தானே தெரிந்தெடுத்த புத்தகத்தை ஏறக்குறைய இருபது நிமிடம் நாய்க்குப் படித்துக் காட்டும். படங்களையும் நாயின் முகத்தெதிரே திருப்பிக் காட்டும் பிள்ளைகள் பலராம். ஒரு பிள்ளை பத்துப் புத்தகங்களைப் படித்து முடித்தால், நாய் தன் பாதச்சுவட்டைக் கையொப்பமாக இட்ட புத்தகம் ஒன்று பரிசாக அளிக்கப்படும்.

இவற்றுள் நான் மிகவும் வியப்பது உடன்வருபவர் பேசும் முறையையே. பிள்ளை ஒரு சொல்லைப் பிழைபடப் படித்தால், "நீ படித்தது தவறு" என்று அவர் சொல்லுவதில்லை. "ஒலிவியா இந்தச் சொல்லை இதற்குமுன் கேட்டதே இல்லை, இதற்குப் பொருள் என்னவென்று அவளுக்குச் சொல்லுவாயா?" என்று கேட்பார். பொருள் தெரியாதாயின், "நாம் மூவரும் சேர்ந்து அகராதியிற் பார்ப்போம்" என்பார். அறியாமை நாயினுடையதாகிவிடுகின்றது. கற்பிக்கும் இடத்திற் பிள்ளை அமர்ந்துவிடுகின்றது. வகுப்பிலே எல்லாரினும் கடைப்பட்டதாயிருந்த பிள்ளைக்குத் தன்னினும் குறைவாக அறிந்த ஒரு மாணாக்கர் கிடைப்பது சிறு காரியமோ? தம்பி தங்கையர்க்குக் கதை சொல்லும் பிள்ளையின் குரலில் வரும் தெளிவு, பரீட்சகர்முன் அப்பிள்ளைக்கே வாராமையை நாம் எல்லாரும் கண்டிருக்கின்றோம்.

அஃதாயின் மரப்பாவை ஒன்றை எதிரே வைத்து அதற்குப் படித்துக் காட்டினால் என்ன என்று ஒருவர் வினவலாம். வினா தக்கதே. பாவை நகைக்காது என்பது மெய். ஆனாற் கேட்கவும் செய்யாது. நாயோ குரலின் ஏற்றத் தாழ்வுக்குச் செவியை அசைக்கின்றது. பெருமூச்செறிந்து பிள்ளையின் மடியிலே தலையை வைக்கின்றது. கதையின் பொருள் அதற்கு விளங்குவதில்லை. எனினும் தன் குரலால் ஓர் உயிர் அமைதி பெறுவதைப் பிள்ளை கண்ணாற் காண்கின்றது. கேட்போரும் வேண்டும், கேட்போர் மதிப்பிடவும் கூடாது என்னும் இரண்டு தேவைகளும் ஓரிடத்திலே நிறைவேறுவது அரிது.

இது வெறும் உணர்ச்சியுரை அன்றென்பதற்கு ஒரு சோதனையைக் காட்டலாம். உரக்கப் படிக்கும்போது இரத்த அழுத்தம் உயர்வது இயல்பு. 1983இல் எரிக்கா பிரீட்மன் என்னும் அறிஞரும் அவருடன் ஆராய்ந்தோரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், 9 முதல் 16 வயதுவரையுள்ள 38 பிள்ளைகள் சும்மா இருக்கும்போதும் உரக்கப் படிக்கும்போதும் அவர்தம் இரத்த அழுத்தம் அளக்கப்பட்டது. அறையில் நாய் இருந்தபோது இரு நிலையிலும் அழுத்தம் குறைவாகவே இருந்தது. தொடக்கத்திலேயே நாய் இருக்கப் பெற்ற பிள்ளைகள், பிற்பாதியில் நாய் கொணரப்பட்ட பிள்ளைகளினும் மிகுந்த அமைதியோடு இருந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. புதிய இடமொன்றில் நுழையும் கணத்தில் நாம் கொள்ளும் அச்சம் பின்னரும் நம்மைத் தொடர்கின்றது போலும். 2015இல் ஜப்பானிய அறிஞர், நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்குங்கால் இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு மிகுவதாகக் கண்டனர். தாய்க்கும் சேய்க்கும் இடையிலுள்ள பிணைப்பிற் பங்குகொள்வது அச்சுரப்பு. ஆனால் அச்சோதனை நெடுநாள் உடன்வாழ்ந்தோரைப் பற்றியது. வாரத்துக்கு இருபது நிமிடம் நாயைக் காணும் பிள்ளைக்கும் அப்படியே நிகழும் என்று சிலர் எழுதுவது துணிபுரையேயாகும்.

உண்மையாகவே, இத்துறையில் ஆர்வலர் கூறும் புகழ்மொழிகளைச் சற்றுக் குறைத்தே கொள்ளல் வேண்டும். நாய்க்குப் படித்துக் காட்டுதல் பற்றி அதுகாறும் வெளிவந்த 48 ஆய்வுரைகளை 2016இல் இங்கிலாந்தின் லிங்கன் சர்வகலாசாலையைச் சார்ந்தோர் ஒருங்கே எடுத்து ஆராய்ந்தனர். பிள்ளைகளின் நடத்தையிலும் படிக்கும் சூழ்நிலையிலும் நன்மை விளைவதாகவே அவற்றுட் பல கூறினும், பெரும்பாலானவை திடமான சான்றாகக் கொள்ளத்தக்க முறையில் அமைந்தவையல்ல என்று அவர் முடிவு கூறினர். சில பிள்ளைகளை மட்டும் கண்டு எழுதியன சில. நாயின்றிப் படித்த பிள்ளைகளோடு ஒப்பிடாது எழுதியன சில.

அக்குறையை நீக்க எண்ணி அதே சர்வகலாசாலையில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் அம்மையாரும் பிறரும் செய்த ஆராய்ச்சி 2022இல் வெளிவந்தது. சாதாரணப் பள்ளிகளிலிருந்து 105 பிள்ளைகளும், சிறப்புத் தேவையுடையோர்க்கான பள்ளிகளிலிருந்து 44 பிள்ளைகளும் அதிற் பங்குகொண்டனர். ஒரு பகுதியார் நான்கு வாரம், வாரத்துக்கு இருமுறை, இருபது நிமிடம் நாயோடும் அதனை வளர்ப்பவரோடும் கழித்தனர். மற்றொரு பகுதியார் அதே நேரத்தில் உடலையும் மனத்தையும் தளர்த்தும் பயிற்சி பெற்றனர். எஞ்சியோர்க்கு யாதொன்றும் செய்யப்படவில்லை. மனக்கலக்கத்தில் மிகும் கார்ட்டிசால் என்னும் சுரப்பின் அளவை அனைவர் உமிழ்நீரிலும் சோதித்தனர். சாதாரணப் பள்ளிகளில் மற்றை இரு பகுதியார்க்கும் பருவம் செல்லச்செல்ல அச்சுரப்பு உயர, நாயோடு பழகினோர்க்கு அவ்வுயர்வு இல்லை. இதிலே நம் கருத்தைக் கவர்வது பிறிதொன்று. யாதொன்றும் செய்யப்படாத, நோயற்ற, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் பள்ளிப் பருவம் நடக்க நடக்கக் கலக்கம் ஏறுகின்றது என்னும் செய்தியே அது. நாயைப் பற்றிய ஆராய்ச்சி பள்ளியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட்டது.

நாய் எழுத்தறிவிப்பதன்று என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். எழுத்தும் சொல்லும் கற்பித்தல் ஆசிரியர் கடனே. கற்றதைப் பயிலும் மனத்துணிவு வரும்வரையிற் பிள்ளைக்கு நாய் ஒரு துணை. சில பிள்ளைகட்கு நாயின் மயிர் மூச்சுத்தடை முதலிய துன்பங்களை உண்டாக்கும். சிலர்க்கு நாயென்றாலே நடுக்கம். சிலர் குடும்பத்து மத ஒழுக்கம் நாயின் எச்சிலைத் தீண்டலாகாதென விலக்கும். ஆதலின் பெற்றோர் இசைவும் பிள்ளையின் விருப்பமும் இன்றி நாயைக் கொணர்தல் எவ்வாற்றானும் முறையன்று.

நம் நாட்டிலோ அந்நடுக்கத்துக்குத் தக்க காரணமும் உண்டு. வெறிநாய்க்கடி நோயால் உலகில் இறக்கும் மனிதரில் 100க்கு 99 பேர் வரையில் நாய்களாலேயே அந்நோயைப் பெறுகின்றனர் என்றும், ஐயத்துக்குரிய விலங்குகளாற் கடியுண்போரில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்டவர் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. 1885இல் லூயி பாஸ்டர் தமது மருந்தையிட்டுக் காத்த ஜோசப் மைஸ்டரும் ஒன்பது வயதுச் சிறுவனே. குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டதும் இந்நோயின் பொருட்டே. தெருவில் திரியும் நாயை அன்பென்று எண்ணி அணுகுமாறு நம் பிள்ளைகட்குச் சொல்லுதல் பெருந்தீங்காகும். சிகிச்சை நாய் என்பது தடுப்பூசி முறையாகப் பெற்று, கால்நடை மருத்துவரால் நோயற்றதென்று காணப்பட்டு, குளிப்பாட்டி நகம் வெட்டி, குணம் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அத்தகைய பணி நம்மவர்க்கு முற்றும் புதியதன்று. ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் என்னும் அம்மையார் 1991இல் தொடங்கிய 'டாக்டர் டாக்' என்னும் திட்டத்தைச் சென்னையில் புளூ கிராஸ் சங்கத்தாரும் மேற்கொண்டதுண்டு.

இனி நாயின் பக்கத்தையும் சிறிது நோக்குவோம். இதனைப் பற்றி எழுதுவோர் பலர் இப்பகுதியைக் கடைசி வரியிற் போட்டு முடித்துவிடுகின்றனர். பிள்ளைகள் காதைப் பற்றி இழுப்பர், கழுத்தைக் கட்டிக்கொள்வர், ஒருங்கே பத்துப் பேர் கூவுவர். நாய் வாய்திறந்து முறையிடாது. ஆயினும் அதற்கும் ஒரு மொழி உண்டு. தூக்கமின்றியே கொட்டாவி விடுதல், உணவின்றியே உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், வாலை உள்ளிழுத்தல் ஆகிய இவையெல்லாம், 'எனக்குப் போதும்' என்று அது கூறும் சொற்கள். கொட்டாவியைக் கண்டு, கதை கேட்டு உறங்கப் போகின்றதென்று பிள்ளைகள் மகிழ்வதுண்டு. உடன்வருபவர் அவ்வாறு எண்ணலாகாது. ஆதலினாலேயே நாயை வளர்த்து அதன் குறிப்பறிந்தவரே உடன்வருதல் வேண்டுமென்றும், ஒருநாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேற் பணி கூடாதென்றும் இத்துறையிற் பழகிய சங்கங்கள் விதித்துள்ளன. ஒருமுறை தேர்ந்தெடுத்த நாயையும் சில ஆண்டுகட்கு ஒருமுறை மறுபடி சோதிப்பர்; முதுமையால் ஓசை பொறாததாயின் பணியினின்றும் விடுவிப்பர். பிள்ளை படிக்கும்போது நாய் எழுந்து அப்பாற் சென்றால் அதனை இழுத்துவந்து அமர்த்துவதில்லை. கதை எந்தப் பக்கத்தில் நின்றதோ அந்தப் பக்கத்தில் அடையாளத் துண்டை வைத்து, அடுத்த வாரம் ஒலிவியா மீதியைக் கேட்பாள் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவர்.